மெய்ம்மறை

விஸ்பி நகரில், துறைமுகம் தெரியும் இரண்டாம் மாடியில்
ஹில்லெவி ஒரு சட்டை தைக்கிறாள்.
ஊசி கிடையாது. மௌஸ்தான்.
மேலே தோல்.
உட்புறம் இரும்புத் தகடுகள்,
ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி.
வெளியே தெரிவது ஆணித்தலைகள்,
மங்கலாக, வரிசை சற்றே கோணி.

"இரும்பு எங்கே?" என்கிறார் போட்வித்.
"உள்ளே."
"உள்ளே இருந்தால்?
அறுநூறு குரோனா கொடுப்பவன் கண்ணுக்கு
ஏதாவது மினுங்க வேண்டாமா?"

மதிய இடைவேளையில் அருங்காட்சியகம் போகிறாள்.
ஆயிரத்து முந்நூற்று அறுபத்தொன்று, ஜூலை.
மதிலுக்கு வெளியே செத்தவர்களை
உரித்தெடுக்க வெயில் விடவில்லை.
உடுத்தது உடுத்தபடி குழிக்குள்.
கண்ணாடிப் பெட்டியில் ஒரு மண்டையோடு,
வளையத் தொப்பி துருவேறி அதனோடு ஒட்டிக்கிடக்க,
பல்லெல்லாம் எண்ணலாம்.
அவள் அதைப் பார்ப்பதில்லை.
பக்கத்தில் இருக்கும் கால் எலும்பைப் பார்க்கிறாள்.
கேடயம் முடிந்த இடத்தில்
வாள் தொடங்கியிருக்கிறது.

பிறகு பேரம், மூன்று வாரம்.
வீராங்கனையின் மார்பில் இரண்டு கிண்ணம் கவிழ்க்காததற்கு ஈடாக
பரங்கிக்காய் அளவில் தோள்பட்டைகளை ஒப்புக்கொண்டாள்.
கொம்பு போய் இறகு வந்தது.
தகடுகள் வெளியே வந்தன, வெள்ளிப் பாத்திரம்போல.
ஒரே கிளிக்கில் கவசம் பூணுகிறார்கள்;
முதுகு வாரை இழுத்துக் கட்ட
இன்னொருவர் கை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை, களைத்திருந்தாள்.

முழங்காலுக்குக் கீழே மட்டும்
யாரிடமும் கேட்காமல்
நான்கு எண்களை மாற்றி வைத்தாள்.

சோதனை வாரம். லூலியோவிலிருந்து ஒரு பையனின் புகார்:
"மிக விலையுயர்ந்த கவசம் போட்டிருந்தேன்.
உயிர் முழுதாக இருந்தது.
எதிரி குனிந்தான், அவ்வளவுதான்.
நான் விழுந்துவிட்டேன்.
எதற்குச் செத்தேன் என்றே தெரியவில்லை.
சரிசெய்யவும்."

இரண்டு முறை படித்தாள்.
கடைசி வரிக்கு முந்தைய வரியை
இன்னொரு முறை.

நிலை என்ற கட்டத்தில் தட்டினாள்:
பிழை அல்ல.

கணினியை அணைத்துப் படியிறங்கியபோது
மணி நான்குகூட ஆகவில்லை, வெளியே இருட்டு.
மேலங்கிக்குப் பொத்தான் கழுத்துவரை.
கடற்காற்று
கீழேயிருந்து வந்தது.