குறைந்தபட்சத் தகுதி

புதிய ஆட்டத்துக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள்:
இத்தனை கோர், இத்தனை ஜிபி,
இந்த வருடத்துக்குப் பின் பிறந்த கார்டு.
வரன் தேடும் விளம்பரம் போல் இருந்தது.
என் பெட்டி எதிலும் தேறவில்லை.

ஒன்பது வயது அதற்கு.
மெர்பேங்க்கில் ஒன்பது என்றால்
வேறு ஊரில் பதினைந்து என்று வையுங்கள்.
கடற்காற்று திருகாணிகளைத் தின்றிருக்கிறது.
எண்ணெய் ஆலை மூடியபின்னும் அதன் கரி
விசிறி இறக்கையை விட்டுப் போகவில்லை.
மின்வெட்டு ஆறாம் கட்டத்துக்கு ஏறிய வருடம்
நாளுக்கு மூன்று முறை செத்துச் செத்து
எழுந்து உட்கார்ந்த உடம்பு.

கார்டை மட்டும் மாற்றலாம் என்றான் தேசிகன்.
சொல்லிவிட்டு அவனே தலையைச் சொறிந்தான்.
கார்டுக்கு இந்தப் பவர் சப்ளை போதாது.
அதை மாற்றினால் பிராசஸர் பின்னால் நொண்டும்.
புது பிராசஸர் இந்த போர்டில் உட்காராது.
புது போர்டு பழைய ரேமை ஏற்காது.
கோவணத்தை எலி கடிக்கிறதென்று
பூனை வளர்த்த சாமியாருக்கு
மாடு வந்தது, மனைவியும் வந்தாள்.
எனக்குக் கடைசியில் மிஞ்சப்போவது
தகரக் கூடும், அதில் நான் ஒட்டிய சுறாப் படமும்.

அப்படியானால் புதுசே வாங்கு என்றாள் கிரிபாஷ்ணி.
முப்பத்திரண்டாயிரம் ராண்ட்.
என் கார் அந்த விலைக்குப் போகுமா என்று
வாசலில் நின்று ஒரு தரம் சுற்றிப் பார்த்தேன்.
போகாது.

துறைமுகத்தில் இரவு வேலை எனக்கு.
எந்தக் கண்டெய்னர் எந்தக் கப்பலில், எதன்மேல் எது.
அடியில் கனம், மேலே லேசு.
ஒரு ராத்திரிக்கு இரண்டாயிரம் பெட்டிகளுக்கு
இடம் சொல்கிறவள்
இந்த ஒரு பெட்டிக்கு மூன்று மாதமாக
வாய் திறக்கவில்லை.

இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால்
மூன்று பேர் எனக்காகக் காத்திருப்பார்கள்.
எல்லோருக்கும் மலை வந்திருக்கும், ஆறு வந்திருக்கும்,
எனக்கு மட்டும் ஒரு நீலக்கோடு
எழுபத்தெட்டு சதவீதத்தில் நின்று மூச்சு வாங்கும்.
நான் பாராசூட்டில் இறங்கும்போது
எங்கள் ஆளில் ஒருவன் செத்திருப்பான்.
"இந்நேரம் ஒரு தட்டு சமோசா பொரித்திருக்கலாம் அக்கா"
என்பான் யுவேந்திரன், செத்தபடியே.

சனிக்கிழமை முடிவெடுத்துவிட்டேன்.
மாற்றுவதுதான்.
விற்பதற்குமுன் தூசி தட்ட
பக்கவாட்டுக் கதவைக் கழற்றினேன்.
பவர் சப்ளைக்கு மேலே, வயர்கள் வளையும் மூலையில்
மாத்திரை அளவில் இரண்டு முட்டை.
வெள்ளை, உருண்டை, தொட்டால் இளஞ்சூடு.
மதர்போர்டுக்குப் பின்னாலிருந்து
ஒரு பல்லி எட்டிப் பார்த்தது,
வாடகை பாக்கி கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல்.

கோயில் காலண்டரை எடுத்தேன்.
தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால்,
இடது முழங்காலில் விழுந்தால் என்று
எல்லாவற்றுக்கும் பலன் இருக்கிறது.
கிராபிக்ஸ் கார்டின்மேல் குடித்தனம் செய்தால்
என்ன பலன் என்று எவரும் எழுதவில்லை.

கதவை மாட்டவில்லை. தூசியும் தட்டவில்லை.
பல் தேய்க்கும் பிரஷ்ஷால் விசிறியை மட்டும் துடைத்து
தேசிகனிடம் பழைய ரேம் ஒன்று
நானூறு ராண்டுக்குப் பேசி வாங்கிச் செருகினேன்.
ஓட்டைச் சட்டியானாலும்
கொழுக்கட்டை வெந்தால் சரி.

பிறகு அமைப்புகளுக்குள் போய்
ஒவ்வொன்றாகக் குறைத்தேன்.
நிழல் வேண்டாம். நீரில் பிம்பம் வேண்டாம்.
மேகம் ஒன்றே போதும், அதுவும் அசைய வேண்டாம்.
புல்லை முழுதும் எடுத்துவிட்டேன்.

ராத்திரி இறங்கினேன்.
மொட்டை மண், அட்டை மாதிரி மலை.
எதிரணியில் ஒருவன்
அவன் திரையில் இடுப்புயரப் புல்லுக்குள்
மூச்சடக்கிப் பதுங்கியிருக்கிறான் போல.
என் திரையில்
வெட்டவெளியில் குப்புறப் படுத்திருந்தான்,
பாவம், தூங்குகிறவன் மாதிரி.

"சுடு அக்கா, எதுக்குச் சிரிக்கிறே?"
என்றான் யுவேந்திரன்.
திறந்த பெட்டிக்குள் பல்லி ஒரு முறை சொன்னது.