தற்காலிகம்

பணகுடிக்கு மேற்கே ஆடிக் காற்றில்
கதவைத் திறக்க ஓர் ஆள், சாத்த ஓர் ஆள் வேண்டும்.
சொரிமுத்து அண்ணாச்சி தோளைக் கொடுத்துத் திறந்தார்.
"காத்து இந்தப் போடு போடுது,
நாப்பது காத்தாடியும் சுத்திக்கிட்டுதான் கெடக்கு,
மெட்ராஸ்காரன் மட்டும் எல்லாம் நிக்கிங்கான்.
இது என்ன சோலி மேடம்?"

அதுதான் சோலி.
இங்கே சுழல்வது
அங்கே திரையில் பூஜ்யமாக நிற்கிறது,
நேற்று இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதிலிருந்து.

மேசைக்கடியில் லினக்ஸ் பெட்டி,
விசிறிக்குள் செம்மண்ணும் ஒரு பல்லி முட்டையும்.
முதலில் பக்கத்து வீட்டைக் கூப்பிட வேண்டும்:
192.168.1.1, ஃபைபர் வந்து இறங்கும் ரவுட்டர்.
பிங்.
அரை மில்லிநொடியில் "இருக்கேன்" என்றது.
சென்னையைக் கூப்பிட்டேன்.
இல்லை.
நூறு பாக்கெட் போனது, ஒன்றும் திரும்பவில்லை.

வாசல் இருக்கிறது, வாசலுக்கு அப்பால் ஊர் இல்லை என்று
தொலைபேசிக்காரர்களை அரைமணி நேரம் ஏசினேன்.
தங்கள் பக்கம் எல்லாம் பச்சை என்றார்கள்.
ஆறு, மடை, கால் என்று
உவமை ஒன்று நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.
தாமிரபரணி இந்தப் பக்கம் பாய்வதில்லை.

பிறகுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்:
நீ எந்த வழியாகப் போகிறாய்?
வழிப்பட்டியலை விரித்தது.
இரண்டு வாசல்.
நான் தட்டியதற்கு மெட்ரிக் நூறு.
இன்னொன்று, 192.168.8.1,
ஐம்பது.
குறைந்த எண்ணுக்கே கெர்னலிடம் முதல் மரியாதை.

பீரோவுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன்.
இன்சுலேஷன் டேப் சுற்றிய டாங்கிள் ஒன்று,
பச்சை விளக்கோடு.
செத்திருந்தால் பெட்டி வேறு வழி பார்த்திருக்கும்.
இது உயிரோடு இருந்து,
கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு,
யாரிடமும் சேர்க்காமல்.

"ஜெபசிங் சார் வச்சது.
ரோட்டுக்குக் குழி தோண்டையில வயரு அந்து போச்சுல்லா,
ரெண்டு வருசம் இருக்கும்,
அன்னைக்கு ராத்திரி தன் போன்ல கெடந்த சிம்மைக் கழத்தி..."

"அவர் எங்கே இப்போ?"

"மஸ்கட்டு. சித்திரை கடேசில போனாரு.
போற அன்னைக்குக்கூட
இந்த மூலையில நின்னு என்னமோ ரீசார்ஜ் பண்ணுனாரு."

விரல்விட்டு எண்ணினேன்.
எண்பத்து நாலு நாள் திட்டம்.
நேற்று நள்ளிரவோடு சரி.

அறுந்த ஃபைபரை அடுத்த வாரமே ஒட்டியிருக்கிறார்கள்.
யாரும் இந்த வழியை எடுக்கவில்லை.
இரண்டு வருடம்
நாற்பது காற்றாடியின் கணக்கும்
ஒரு மனிதரின் சட்டைப்பை வழியாகச்
சென்னை போய்ச் சேர்ந்திருக்கிறது.
கம்பெனியிடம் அவர் பில் வைத்தாரா என்று கேட்டேன்.
அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில்
பதில் இருந்தது.

ஒற்றை வரிதான். நீக்கினேன்.
பதினெட்டு மில்லிநொடியில் சென்னை.
போனில் அங்கயற்கண்ணி, "வந்துடுச்சு வந்துடுச்சு,
பதினேழாம் நம்பர் மட்டும் இன்னும்... ஆங், அதுவும்."

ஆனால் அணைத்து எழுப்பினால் பழைய வழி திரும்பி வரும்.
எழுதிவைத்த கோப்பைத் திறந்தேன்.
அந்த வரிக்கு மேலே,
பெட்டி படிக்காத இடத்தில்,
மனிதர் படிக்க அவர் தட்டியது:

# தற்காலிகம். நாளைக்கு எடுத்துவிடவும். – ஜெ.

டெலிட் பொத்தான்மேல் விரலை வைத்தேன், எடுத்தேன்.
அவர் வரிக்கு முன்னால்
நானும் ஒரு ஹேஷ் போட்டேன்,
தேதியும் போட்டேன்.
அணைத்தேன். எழுப்பினேன்.
ஒரே வாசல்.

டாங்கிளின் விளக்கு இன்னும் பச்சைதான்.
பிடுங்கி மேசைமேல் வைத்தேன்,
சிம்மை ஒரு காகிதத்தில் மடித்து, பேர் எழுதி.

"முடிஞ்சிரிச்சா மேடம்?"
"முடிஞ்சிரிச்சு அண்ணாச்சி.
கதவைக் கொஞ்சம் பிடிங்க."