திராட்சை வாசம்

மூடியைத் திறக்குமுன்பே தெரிந்துவிட்டது.
பழுத்த திராட்சையின் வாசம்.
ஆய்வுக்கூடத்தில் எவரும் பழம் தின்பதில்லை.

தட்டில் நீலமும் பச்சையும் குழைந்து
மயில் கழுத்தைத் தேய்த்தெடுத்தது போல் ஒரு பூச்சு.
சீட்டில்: உஷாங்கி, ஐம்பத்தெட்டு வயது,
தீப்புண் பிரிவு, இரண்டாம் கட்டில்.
ககேதியில் சொந்தத் தோட்டம்.
பிழிந்த சக்கையில் சாராயம் காய்ச்சும்போது
கொப்பரை வெடித்தது.
மார்பிலும் இடக்கையிலும் தோல் இல்லை.
அவருடைய புண்ணும் திராட்சையாய் மணக்கிறது என்று
அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பாடப்புத்தகம் இதைச் சந்தர்ப்பவாதி என்கிறது.
கட்சி மாறுகிறவனைத் திட்டுகிற சொல்.
எனக்குப் பிடிக்காது.
சூடோமோனாஸ் எங்கும் மாறிப் போகவில்லை.
கைகழுவும் தொட்டியின் சல்லடையில்,
பூச்சாடியின் அடித்தண்ணீரில்,
துடைப்பத்தின் ஈர நாரில்
எங்களோடுதான் குடியிருந்தது.
நேற்றுவரை நம் தோல்மேல் நடந்துபார்த்து,
கதவு சாத்தியிருக்கிறதென்று திரும்பிப் போனது.
திறந்த வீட்டில் நுழைந்த நாயை
வைவதா,
கதவைத் தேடுவதா?

ஏழு மருந்துப் பொட்டுகள் வைத்தேன்.
மறுநாள் காலை
ஒன்றைச் சுற்றியும் வெற்று வட்டம் இல்லை.
பொட்டின் விளிம்புவரை வந்து படுத்திருந்தது பச்சை.
கோலிஸ்டின் மட்டும், தனிக் குழாயில்,
என்னால் முடியும் என்றது.
விலையாகச் சிறுநீரகத்தைக் கேட்டது.
ஐந்தாம் நாள் கொடுக்கத் தொடங்கியிருந்தோம்.
செவிலி த்சியாலா போனில்
சிறுநீர் அளவை இரண்டு முறை சொன்னாள்,
நான் கேட்காமலே.

திபிலிசியில் இன்னொரு வழி உண்டு.
பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ், ஃபேஜ்.
குளிர்பெட்டியில் இருந்த ஆறு குப்பிகளையும்
அவர் தட்டில் சொட்டிப் பார்த்தேன்.
பச்சை அசையவில்லை.

கோபத்தில்தான் ஆற்றுக்குப் போனேன்.
ம்ட்குவாரியில் சாக்கடை வந்து விழுகிற இடத்துக்குக் கீழே,
காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கயிறு கட்டிய பாட்டில்.
தூண்டிலோடு நின்ற ஒருவர்
"அங்கே மீன் இருக்காது" என்றார்.
"தெரியும்" என்றேன்.

வடிகட்டி, சொட்டிட்டு, ஓர் இரவு விட்டேன்.
பச்சைப் பாய்மேல் ஊசி குத்தியது போல் துளைகள்.
எண்ணினேன்: நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன்: முப்பத்தொன்பது.
எதுவானாலும் சரி.

அதைச் சுத்தம் செய்ய ஒன்பது நாள்.
அதற்குள் நான்காம் கட்டில் கோச்சா,
இருபத்திரண்டு வயது, வெல்டர்.
அவன் தட்டில் எந்த ஆறும் துளை போடவில்லை.
சீட்டைக் கோப்பில் வைத்தேன்.
அதற்குமேல் எழுத வரவில்லை.

உஷாங்கியின் கட்டுத்துணியை நனைத்துக் கட்டினார்கள்.
ஒரு வாரம் புண் சிவப்பாக, சுத்தமாக.
எட்டாம் நாள் மறுபடி பச்சை.
ஃபேஜ் பற்றி ஏறும் பிடியைக்
கழற்றி எறிந்துவிட்டுத் தப்பியிருந்தது.
ஆனால் உள்ளே வந்த மருந்தை
வெளியே இறைத்துத் துப்பிய பம்பும்
அந்தப் பிடியோடுதான் போயிருந்தது.

மறுபடி ஏழு பொட்டுகள்.
மூன்றாவதைச் சுற்றி
நிலா கோட்டை கட்டியது போல் ஒரு வட்டம்.
செஃப்டாசிடைம். பழைய மருந்து.
நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே
இந்த வார்டில் கைவிட்டது.

"திறந்திருக்கிறது, இப்போது, சீக்கிரம்!"
போனில் கத்தினேன்.
எதிர்முனையில் த்சியாலா,
"எது?" என்றாள்.
யார் சந்தர்ப்பவாதி இப்போது?

அக்டோபரில் வந்தார்.
தொடைத் தோல் மார்பில் ஒட்டியிருந்தது,
ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி, நிறம் சேராமல்.
இடக்கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை.
கூடையை வராந்தா பெஞ்சில் வைத்து,
"இந்த வருஷம் மழை கெடுத்துவிட்டது" என்று
மன்னிப்புக் கேட்பது போல் சொன்னார்.

அன்று காலைதான்
மூன்றாம் மாடித் தொட்டியின் சல்லடையைத்
துடைத்தெடுத்த பஞ்சில் மறுபடி பச்சை.
கூடையை முகர்ந்தேன்.
எது எதென்று மூக்குக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் தொடவில்லை.
நான்காம் நாள்
கையை இரண்டு முறை கழுவி,
தெருவில் போய் நின்று,
ஒரு கொத்து முழுவதும் தின்றேன்,
விதையோடு.