ஒன்பதாவது கல்

ஐப்பசி மழை வடிந்த நாலாம் நாள்
கொண்டப்பநாயக்கன்பட்டி ஓடையில்
செருப்பைக் கையில் பிடித்து நடந்தால்
கால்தான் முதலில் பார்க்கும்.
உருண்டது வழுக்கும்.
உடைந்தது கடிக்கும்.

பதினெட்டு வருஷம்
வெள்ளைக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவள் நான்.
சரக்கு ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம்,
டன் கணக்கில் கூலி.
எந்தக் கல் எங்கே விட்டுக்கொடுக்கும் என்று
எனக்குத் தெரிவதற்கு முன்பே
மணிக்கட்டுக்குத் தெரியும்.

அதனால்தான் குனிந்தேன்.
சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய
வெங்கச்சங்கல்.
ஓரம் மட்டும் பல் பல்லாக.
சேர்வராயன் மலைக்கு மேல் வந்த வெயிலில்
தூக்கிப் பிடித்தேன்.
உள்ளே மூட்டம்.
அடியில் ஒரு சின்ன வீக்கம்,
பாக்கை ஒதுக்கிய கன்னம் போல.
அந்த வீக்கத்தை எனக்குத் தெரியும்.
அடி விழுந்த இடம் அது.

தண்ணீரும் அடிக்கும்தான்.
நாலாபுறமும் அடிக்கும், கோபமில்லாமல் அடிக்கும்,
கடைசியில் எல்லாவற்றையும்
கூழாங்கல்லாக்கிவிட்டுப் போகும்.
ஒரே பக்கமிருந்து,
முந்தின அடிக்குப் பக்கத்திலேயே அடுத்ததாக,
ஏழு தடவை அடிக்க
தண்ணீருக்கு என்ன அவசரம்?

மழைக்காலம் முழுக்கப் பொறுக்கி
ஒன்பது சேர்ந்தன.
சத்துமாவு டப்பாவில் போட்டுக்கொண்டு
பஸ் ஏறி மியூசியம் போனேன்.

இருதயராஜ் சார்
டப்பாவைக் கவிழ்க்கவில்லை.
ஒவ்வொன்றாக எடுத்தார், அது பிடித்திருந்தது.
லென்ஸை இடுக்கிக்கொண்டு
ஐந்தை இந்தப் பக்கம் தள்ளினார்.
"மாட்டுக் குளம்பு. டிராக்டர். இது சும்மா ஓடை."
ஒன்றுக்காகச் சண்டை போட்டேன்.
தோற்றேன்.
அந்த ஒன்றைப் பற்றி
இன்றைக்கும் எனக்குச் சமாதானமில்லை.

மூன்றுக்கு அவர் பேசவில்லை.
ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு, அந்த முதல் கல்லை நகத்தால் தொட்டு,
"அம்புமுனைதாம்மா. நுனி போயிருக்கு பாருங்க,
எதிலோ பட்டிருக்கு."
எதில் என்றேன்.
"மானா இருக்கலாம். மரமா இருக்கலாம்.
குறி தப்பி, பாறையாவும் இருக்கலாம்."
எத்தனை வருஷம் என்றேன்.
"மண்ணோட இருந்திருந்தா சொல்லலாம்.
ஓடை இழுத்துட்டு வந்ததுக்கு
ஜாதகம் கிடையாது."

தெரியாததைத் தெரியாது என்ற ஆபீசரை
அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பதாவதை ஓரமாக வைத்தார்.
"இது இரும்பு பட்டது. புதுசு."

வாங்கிப் பார்த்தேன்.
வெள்ளை. நாக்கில் வைத்தேன், ஒட்டியது.
எங்கள் சுரங்கத்துச் சரக்கு.
லாரி ஓடைக்கரையில் கொட்டிய கழிவோடு
நழுவி வந்திருக்க வேண்டும்.
திருப்பினேன்.
எங்கள் அடியெல்லாம் வலப்பக்கம் விழும்.
இது இடப்பக்கம் விழுந்து,
பாதியில் மனம் மாறினாற்போல்
லேசாக மேலே வளைந்திருந்தது.

வரிசையில் இருபத்தாறு பேர்.
இடது கை ஒருத்திக்குத்தான்.
அத்தாயி.
பக்கத்தில் உட்கார்ந்தால் சில்லு கண்ணில் தெறிக்கும் என்று
யாரும் உட்காராத கடைசி இடம் அவளுக்கு.

ரிஜிஸ்டரில் சார் எழுதினார்.
பொருள்: கல் முனை, மூன்று.
கண்ட இடம்: ஓடை.
கண்டெடுத்தவர்: பாவாயி.
காலம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
செய்தவருக்கு
கட்டமே போடவில்லை, அச்சடித்தவர்கள்.

ஒன்பதாவதை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

சுரங்கம் மூடியதும் திருப்பூர் போனவள்.
பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள்.
பஸ் ஸ்டாண்டிலிருந்தே போன் போட்டேன்.
அத்தாயி, உன் கல் மியூசியம் வரைக்கும் போயிடுச்சுடி.

மெஷின் இரைச்சலுக்கு நடுவே
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு கேட்டாள்:
"எடை போட்டாங்களா?
கடைசி மாசக் கூலி
இன்னும் வரல."