கூண்டுக்குள் மூன்று மாத்திரை

முதலாவது வெள்ளை. விழுங்கச் சற்றுப் பெரிது.
ஈரலிடம் போய்
'போதும், சர்க்கரையை அளந்து ஊற்றாதே' என்னுமாம்.
என் குடலிடம் அது என்ன சொல்கிறதென்று
அறுபது மீட்டர் உயரத்தில்
கக்கூஸ் இல்லாத கிரேன் கூண்டில்
உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது புதிது, விலை அதிகம்.
சிறுநீரகத்தின் மடையைத் திறந்து
இனிப்பை வெளியே விடுகிறது,
ஜூலை மாதத்து சோஹாரில்
கூடவே தண்ணீரையும்.
மூலையில் நான் நிரப்பி வைத்த பாட்டிலின்
மூடியைச் சுற்றி எறும்புகள்.
இவ்வளவு உயரம் எந்த ஏஜெண்ட் ஏற்றிவிட்டான்?

இரண்டாவதை வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.
கடுகளவுதான்.
கணையத்தைப் பிழியும்;
சாப்பிட்டாயா என்று கேட்காது.

நேற்று பத்து மணி ரொட்டி
பத்தரைக்கும் வரவில்லை.
கொக்கியில் பதினெட்டு டன் குழாய்.
ஏசிக்குள் வியர்த்தது.
நெம்புகோல் ஆடியது, காற்று என்று நினைத்தேன்.
ஆடியது என் விரல்.
கீழே தில் பகதூர்
இறக்கு, இறக்கு என்று கைகாட்டுகிறான்.

'ரெண்டு நிமிஷம்' என்றேன் வயர்லெஸ்ஸில்.
'ஏன்?'
நிஜத்தைச் சொன்னால் லைசென்ஸ் போகும்.
'காற்று.'

டீக்கடையில் கேட்டு வாங்கிய சீனிப் பொட்டலம் இரண்டை
பல்லால் கிழித்து
டாக்டர் ஹானி விலக்கியதை நாக்கில் கொட்டிக்கொண்டேன்.

விரல் திரும்பி என்னிடம் வரும்வரை
குழாய் தன் நிழலுக்கு மேலேயே தொங்கியது.

தில் பகதூர் தலைநிமிர்ந்து
துறைமுகக் கொடிகளைப் பார்த்தான்.
ஒன்றுகூட அசையவில்லை.