ஒன்பது எழுத்து

எழுத்துக்கு இவ்வளவு என்று எனக்குக் கூலி.
லீ என்று ஒருவன் வந்தால் நஷ்டம்.
ஹவ்ரிலியுக் வந்தால் லாபம்,
ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து.
நெஸ்டர் ஹவ்ரிலியுக், தடுப்பாட்டக்காரன்,
ஊர் கனோரா, சஸ்காட்சவான்.
மூன்று செப்டம்பராக அவன் பெயரைத் தைக்கிறேன்.
இரண்டு முறை பிரித்தாயிற்று.
பிரிப்பதற்குக் கூலி கிடையாது.
அதனால் செப்டம்பரில் நீளத் தையல்தான் போடுவேன்,
ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் வந்துவிடும்.

அரங்கின் அடித்தளத்தில் என் அறை.
தலைக்கு மேல் பனித்தளம்.
யாரோ யாரையோ பலகையோடு மோதும்போது
மேசையில் ஊசிப்பெட்டி
அரை அங்குலம் நகரும்.

முதல் வருடம் அவன் முதுகில் எண்பத்துநான்கு.
போன வருடம் எழுபத்தொன்று.
இப்போது ஐம்பத்தெட்டு.
இங்கே எண் இறங்க இறங்க ஆள் ஏறுகிறான்.
யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.
எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும்.

முகாமுக்கு வந்தவர்கள் அறுபத்திரண்டு பேர்.
அணியில் இருபத்துமூன்று இடம்.
மிச்சக் கணக்கு
காலை ஆறரைக்கு ஹோட்டல் ஃபோனில் முடிந்துவிடும்:
"கோச் உன்னைப் பார்க்கணுமாம்."
எட்டு மணிக்குச் சட்டைகள் என் மேசைக்கு வரும்,
சில இன்னும் ஈரமாக.
ஸ்வீடன் பையன் ஒருவனின் சட்டைக் கழுத்தில்
பற்பசை ஒட்டியிருந்தது.

வியாழக்கிழமை ஆட்டத்தில்
எதிராளி அடித்த பக் எதிரே அவன் போய் விழுந்தான்.
கணுக்கால்.
அந்தச் சத்தம் கூரை வழியாக எனக்கே கேட்டது.
இடைவேளையில் வந்து நின்றான்,
கிழிந்த கையை நீட்டிக்கொண்டு.
"கழற்றாமலே தைக்க முடியுமா?"
சட்டையைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.
ஸ்கேட்டையும் கழற்றவில்லை.
கழற்றினால் திரும்ப ஏறாதாம்.
கொக்கு போல ஒற்றைக்காலில் நின்றான்,
வியர்வை என் கைவிரலில் சொட்டியது.
"டாக்டர் பார்த்தாரா?"
"பார்த்தால் எழுதிவிடுவார்."
நான் நூலைக் கடித்தேன்.

படியேறும்போது திரும்பிக் கேட்டான்,
"இந்தப் பக்கம் மாத வாடகைக்கு
சின்ன வீடு ஏதாவது..."
பிறகு அவனே,
"வேண்டாம். இன்னும் யாரும் பார்க்கச் சொல்லவில்லை."
வீடு பார்த்துக்கொள் என்று மேலாளர் சொன்னால்
அதற்குப் பெயர்தான் வேலை.
அதுவரை ஹோட்டல்,
திறந்தபடியே கிடக்கும் பெட்டி,
சாப்பாட்டுக் காசுக்கு ஓர் உறை.

ஞாயிறு மதியம் என் ஃபோன் அடித்தது.
"மக்னுசனைப் பிரித்துவிடு."
முப்பத்துநான்கு வயது மக்னுசன், எண் ஆறு.
பதினோரு வருடம், எல்லாம் சின்னத் தையல்.
கண்ணாடியை மாற்றிக்கொண்டு பிரித்தேன்.
எழுத்து போன பிறகும் துணியில்
ஊசித் துளைகள் அப்படியே நின்றன,
வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் அவன் பெயர்.

மறுபடி ஃபோன்.
"ஹவ்ரிலியுக். வெள்ளை. ஒன்று."
வெள்ளை வெளியூருக்கு.
"நீலம்?" என்றேன்.
"அதை அப்புறம் பார்க்கலாம்."

ஒரு பயணம், அவ்வளவுதான்.
மக்னுசனுக்குப் பதிலா,
மக்னுசனுக்குப் பதில் வேறொருவன் வரும்வரையா,
என்னிடம் யார் சொல்லப்போகிறார்கள்.
ஒன்பது எழுத்தையும் மேசையில் பரப்பினேன்.
தோளுக்குத் தோள் நேராக வைத்தால் இடம் போதாது,
கொஞ்சம் வளைத்துத்தான் வைக்க வேண்டும்.
ஜன்னல் இருந்திருந்தால்
பேருந்தில் அவன் எந்தக் காலை முதலில் வைக்கிறான் என்று பார்த்திருப்பேன்.

இயந்திரத்தின் சக்கரம் நீளத் தையலில் நின்றது.
திருப்பினேன்,
சின்னதற்கு,
அதிலும் சின்னதற்கு.
பிரிக்க நேர்ந்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும்,
கண் போய்விடும்.
போகட்டும்.