மூன்றாம் அங்கத்தில் ஒரு நாற்காலி

லீட்ஸ் நகரில், ஒரு சலவைக்கடையின் மாடியில்
எழுபத்தொன்பதாம் ஆண்டுக் குளிரில் தொடங்கினேன்.
கீழே இயந்திரங்கள் நின்றால் பேனாவும் நின்றுவிடும்.
முதல் நாடகம் ஃபிர்மேன் ஒக்கே எழுதியது.
பெல்ஜியத்தில் மியூஸ் ஆற்றங்கரை வீடு,
ஒரு விதவை,
அவளிடம் அறை எடுத்துத் தங்கிய எடைமேடைக் குமாஸ்தா.
இரண்டரை மணி நேரம்
அடுப்புக்கரி விலையும் வாடகைப் பாக்கியும் பேசுகிறார்கள்.
வேறொன்றும் நடப்பதில்லை.
மூன்றாம் அங்கத்தில் மட்டும் அவள்
"சூப் ஆறுகிறது, நீ சாப்பிடு" என்கிறாள்.

அதுவரை நீங்கள்.
அந்த வரியில் நீ.
லியேஜ் அரங்கில் அந்த இடத்தில்
இருமல்காரர்கள்கூட இருமலை விழுங்கினார்களாம்.

என் மொழியில் ஒரே ஒரு யூ.
நீதிபதிக்கும் அதுதான், நாய்க்கும் அதுதான்,
பக்கத்துத் தலையணைக்கும்
வரி பிடிக்க வருகிறவருக்கும் அதுதான்.
இரவல் மழைக்கோட்டு.
யார் போட்டாலும் தோள் பொருந்தாது.

முதல் முறை, "என் அன்பே" என்று சேர்த்துவிட்டேன்.
இருபத்தாறு வயது, வேறென்ன தெரியும்?
அரங்கம் சிரித்தது.
நிகழ்ச்சித்தாளில் என் பெயர்
விளக்குப் பையனுக்குக் கீழே,
தொப்பிகளை இரவல் தந்த கடைக்கு மேலே,
ஓர் எழுத்து குறைந்து அச்சாகியிருந்தது.
விழுந்துபோன அந்த எழுத்துக்கு அன்றிரவு நன்றி சொன்னேன்.

அப்புறம் முப்பத்தோரு நாடகங்கள்.
கியூபெக்கின் சுரங்க ஊரிலிருந்து ஒன்று.
அதில் வசவெல்லாம் பூசைப் பாத்திரங்களின் பெயர்கள்.
கிண்ணமே, பேழையே என்று திட்டினால்
யார்க்‌ஷரில் எவன் முகம் சிவப்பான்?
பிரஸ்ஸாவில்லிலிருந்து ஒன்று.
அதன் பிரெஞ்சுக்கு அடியில் வேறொரு மொழி
சுரம் பிடித்துக்கொண்டிருந்தது.
எனக்குக் கேட்டது, புரியவில்லை.
புரியாததை நிரவாமல் விட்டேன்.
விமர்சகர் எழுதினார்: மொழிபெயர்ப்பு கரடுமுரடு.

சொல்லுக்கு இத்தனை பென்ஸ் என்று தருவார்கள்.
மௌனத்துக்குக் காசில்லை.
வாடகை கொடுத்தவை பாய்லர் கையேடுகள்:
வால்வைத் திறக்கும் முன் அழுத்தத்தைப் பாருங்கள்.
அங்கே எப்போதும் பாருங்கள்தான்.
எந்த பாய்லரும் யாரையும்
மூன்றாம் அங்கத்தில் நீ என்று அழைத்ததில்லை.

ஒக்கேவும் நானும் முப்பது வருடம் கடிதம் எழுதினோம்.
நேரில் பார்த்தது நான்கு முறை.
எப்போதும் நீங்கள்.
அவர் கையெழுத்தில் அந்தச் சொல்
கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டு நிற்கும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அதே நாடகத்தை மறுபடி எடுத்தார்கள்.
அந்த வரிக்கு ஒன்பது வடிவங்கள் செய்து
ஒன்பதும் பிடிக்காமல் ஒத்திகைக்குப் போனேன்.
விதவையாக வின்னி தாக்ரே.
பல்வலி, காலையிலிருந்தே எரிச்சல்.
வரி வந்தபோது அவள் வாய் திறக்கவில்லை.
எதிரே இருந்த நாற்காலியைக் காலால் இழுத்தாள்,
அவன் பக்கத்தில் போட்டாள்,
உட்கார்ந்தாள்,
அவன் தட்டிலிருந்தே ரொட்டியைப் பிய்த்தாள்.

எனக்கு வியர்த்தது.
பென்சிலை எடுத்து ஏழு சொற்களை அடித்தேன்.
"மன்னிக்கணும், வரி மறந்துபோச்சு" என்றாள் வின்னி.
"இல்லை" என்றேன்.
"அப்படி ஒரு வரியே இல்லை."

ஒக்கே எழுதினார்:
என் சொற்களை வாங்கிக்கொண்டு
நீங்கள் நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள்.
கட்டுப்படியாகிறது.

அதற்கு மூன்றாவது பிப்ரவரியில்
நமூர் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி.
மகள் பிடித்துக்கொண்டிருந்தாள்,
அவர் மூச்சும் கூடவே கேட்டது.
தன் உச்சரிப்புக்கு வெட்கப்பட்டு
என்னிடம் ஒரு நாளும் ஆங்கிலம் பேசாதவர்
அன்று ஆங்கிலத்தில் பேசினார்.
அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறவர்
செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது போல, மெதுவாக.

அந்த ஒரே யூ.
அது எந்த யூ என்று
நான் கேட்கவில்லை. முப்பது வருடத் தொழில்,
அந்த நேரத்தில் கேள்வி வரவில்லை.

சாப்பிட்டாச்சா, என்றார்.
ஆச்சு, என்றேன்.
அடுப்பில் அப்போதுதான்
தண்ணீர் வைத்திருந்தேன்.